சுவை என்னும் சொத்து

ஒருவனுடைய உடைமைகளைக் கணக்கெடுக்க முற்படுவோர், அவனுக்கு நிலம் எவ்வளவு, வீடு எத்தகையது, கையிருப்பு யாது என்று வினவுவது வழக்கம். எந்தப் பாட்டைக் கேட்டால் அவன் கைவேலையை மறந்து நிற்பான், எந்தக் கூத்தைக் காண விடிய விடிய விழித்திருப்பான், எந்தப் பண்டத்தின் மணம் எழுந்தால் அவன் நா ஊறும் என்று எவரும் கேட்பதில்லை. நிலமும் வீடும் ஒருவனிடமிருந்து பறிக்கப்படலாம். அவனுடைய சுவையைப் பறிப்பது அத்துணை எளிதன்று. ஆதலால் சுவையும் ஒரு சொத்தே. வேறு சொத்தில்லாதவர்க்கு அதுவே தலையாய சொத்து எனலாம்.

தமிழுலகில் ரசிகன் என்றவுடன் பலர் நினைவிற்கு வருபவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். 1882 முதல் 1954 வரை வாழ்ந்த அப்பெரியார், நெல்லையில் தம் இல்லத்தில் கூட்டிய ‘வட்டத்தொட்டி’ தமிழறிந்தோர் பலரும் அறிந்ததொன்று. கம்பனின் கவிதையைப் பாடிப் பாடிச் சுவைப்பதும், வந்தவர்க்கு நல்லுணவு இட்டு உபசரிப்பதும் அங்கே ஒரே பண்பின் இரு பக்கங்களாய் விளங்கின. அத்தகைய முற்றமும் ஓய்வும் வாய்க்கப் பெற்றவர்க்கே ரசனை உரியது என்று எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் சரிதானா? இதற்கு விடை காண விரும்புவோர் ஊவா மலைகளின் பக்கம் சிறிது திரும்பிப் பார்த்தல் நன்று.

நுவரெலியாவிலிருந்து ஹக்கலை வழியாகக் கிழக்கு நோக்கி இறங்கும் சாலையிலே, உமா ஓயாவின் பள்ளத்தாக்கை அண்டி அமைந்துள்ளது வெலிமடை. தாழ்ந்த நிலத்தில் வயல். சரிவுகளில் உருளைக்கிழங்கு, கரட், போஞ்சி, கோவா முதலிய மரக்கறிகள். அவற்றுக்கும் மேலே, முகில் தொடும் உயரத்தில் தேயிலை. வெலிமடையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, நமுனுகுலை என விரியும் இம்மலைகளுக்குத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள், முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் வளர்த்தார்கள். அவர்களுக்கெனக் கட்டப்பட்டவை லயன்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. பெரும்பாலும் 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடைய அந்த ஓர் அறைக்கு முன்னே ‘இஸ்தோப்பு’ எனப்படும் ஒடுங்கிய தாழ்வாரம். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், நாடும் தமக்குச் சொந்தமில்லை என்ற நிலைமை அம்மக்களிற் பெரும்பாலோர்க்கு உண்டாயிற்று. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று.

இவ்வாறு வெறுங்கையராக்கப்பட்டவர்கள் எதைத் தம்முடையது என்று சொல்லிக்கொண்டார்கள்? முதலாவதாகச் சொல்லத்தக்கது காமன் கூத்து.

மாசி மாதத்து அமாவாசை கழிந்து பிறை தோன்றியதும், தோட்டத்தின் பொது இடத்திலே காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று தொடங்கி இரவுதோறும் தப்பு முழங்கும். சிவபெருமானின் தவத்தைக் கலைத்து வருமாறு இந்திரன் மன்மதனுக்கு ஓலை அனுப்புகிறான். தீய கனவு கண்ட ரதி, போக வேண்டா என்று தடுக்கிறாள். கணவனுக்கும் மனைவிக்கும் வாதம் நிகழ்கிறது. மன்மதன் போகிறான், மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண்ணின் நெருப்பில் எரிகிறான். ரதி புலம்புகிறாள். அப்புலம்பலுக்கு இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் புலனாகுமாறு மன்மதன் மீண்டும் உயிர் பெறுகிறான்.

கதை பழையது; புராணங் கேட்ட அனைவரும் அறிந்தது. ஆயினும் மலைநாட்டில் அது பெற்ற உருக்கம் தனித்தன்மை வாய்ந்தது. மேலிடத்திலிருந்து ஓர் ஓலை வருகிறது. போகாதே என்று மனைவி தடுக்கிறாள். ஆணையை மீற முடியாதவன் பிறருடைய காரியத்துக்காகப் புறப்பட்டுச் சென்று தான் எரிந்து போகிறான். கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது வானுலகத்துக் கதையாக மட்டுமா தோன்றியிருக்கும்? ரதியின் ஒப்பாரி எழும்போது, சூழ்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

இக்கூத்தில் வேடம் புனைபவர் எவரும் தொழிற் கலைஞர் அல்லர். பகலெல்லாம் கவ்வாத்து வெட்டியவர் இரவில் இந்திரனாகிறார். கான் வெட்டியவர் தூதனாகிறார். ரதியாக வருபவரும் ஓர் ஆடவரே. பாட்டும் அடவும் ஏட்டிற் படித்துப் பெற்றவையல்ல. தந்தையிடமிருந்தும் மாமனிடமிருந்தும் செவிவழி வந்தவை. ரதியும் மன்மதனும் லயம் லயமாகச் சென்று, வாசல்தோறும் நின்று ஆடுவதும் உண்டு. அந்நாட்களில் மேடை வேறு, வீடு வேறு என்ற பிரிவினை இல்லை. துரையின் கணக்கேட்டிலே வெறும் ஓர் இலக்கமாயிருந்தவர், அந்தப் பத்துப் பதினைந்து இரவுகளில் தோட்டத்தார் அனைவரும் பெயர் சொல்லிப் புகழும் கலைஞராய் விளங்கினார். அடுத்த தோட்டத்து மன்மதனைக் காட்டிலும் எங்கள் மன்மதனே சிறந்தவன் என்று வாதிடுவோரும் இருந்தனர். அவ்வாதமே ரசனைக்குச் சான்று.

இனி இசையைக் கருதுவோம். கூத்துக்கு உயிர் தருவது தப்பு. விலங்கின் தோலை வட்டச் சட்டத்தில் இறுக்கி, தீயிற் காய்ச்சிப் பதமேற்றி, இரு குச்சிகளால் அடிக்கும் கருவி அது. பிறப்புக்கு ஓர் அடி, திருமணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி என்று அதன் மொழி விரிந்தது. விடியற்காலையில் மக்களைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்புத்தான். வேலைக்கு விரட்டிய அதே ஒலி, மாலையிலே ஆடவும் அழைத்தது. அதை அடித்தவர்களைச் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்தவர்களும் அவ்வொலி கேட்டால் கால் நிலைகொள்ளாது நின்றார்கள். கலையைச் சுவைத்துக் கலைஞனை இழித்த இக்குறை தமிழரிடையே பலவிடத்தும் உண்டு. மலைநாடும் அதற்கு விலக்கன்று. இன்று மலையக இளைஞர்கள் கல்லூரி மேடைகளிலும் ஊர்வலங்களிலும் தப்பைத் தலைநிமிர்ந்து முழக்குகிறார்கள். இக்குறை தீரத் தொடங்கியதன் அறிகுறி அது.

தப்பொலி ஓய்ந்த நேரங்களில் பாட்டொலி இருந்தது. தொட்டிலில் தாலாட்டு, முற்றத்தில் கும்மி, மலையிலே கொழுந்து பறிக்கையில் கேலியும் காதலும் கலந்த பாடல்கள், சாவு வீட்டில் ஒப்பாரி. ஏமாற்றிய கங்காணியையும் கடுகடுத்த கணக்கப்பிள்ளையையும் நேரிற் கண்டிக்க இயலாத பெண்கள் பாட்டில் வைத்துக் கண்டித்தனர். இப்பாடல்களின் அருமையை உணர்ந்து தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த அவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றஞ் சென்றவர். 1954இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடுங்கவிதையைச் சக்தீ பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழிற் தந்தார். உலகறிய ஆங்கிலத்திற் கவி பாடவல்ல ஒருவர், எழுத்தறியாத மூதாட்டியரின் பாடல்களையும் தேடித் தொகுத்தார் என்பது எண்ணுந்தோறும் இன்பம் தருவது. அவர் பதவியும் அரசியலும் வரலாற்றிற் பதிந்துள்ளன. அவர் தொகுத்த பாடல்களோ அம்மக்களின் வாயில் மீண்டும் வாழ்கின்றன.

பின்னர் வானொலி வந்தது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியபோது, கடல் கடந்து தமிழகத்திலும் அதற்கு நேயர்கள் பெருகினர். எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரலை இராமநாதபுரத்துத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். பசறையின் லயத்திலும் கேட்கலாம். லயத்திலே எல்லோரிடமும் வானொலிப் பெட்டி இருக்கவில்லை. ஒரு காம்பராவில் பெட்டி இருந்தால், இஸ்தோப்பு முழுவதும் நேயர்கள். பாடல் விரும்பிக் கேட்டு அஞ்சலட்டை எழுதுவது ஒரு பெரும் ஆர்வமாயிற்று. வாக்காளர் இடாப்பிலே பெயர் இல்லாத ஒருவருடைய பெயர், தோட்டத்தின் பெயரோடு சேர்ந்து வானலையில் ஒலித்தால் அவர் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்! இதனைச் சிறுபிள்ளைத்தனமான ஆசை என்று சொல்வோர் அந்நாளின் நிலைமையை அறியாதவரே.

பாட்டின் வழியே படத்தின் மீது மோகம் பிறந்தது. சம்பள நாளை அடுத்த ஞாயிறன்று பதுளைக்கோ பண்டாரவளைக்கோ சென்று படம் பார்த்து வருவதென்பது, பல குடும்பங்களுக்கு ஒரு திருவிழா. எம். ஜி. இராமச்சந்திரன் 1917இல் இலங்கை மலைநாட்டிலே பிறந்தவர் என்பதால், அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டோர் பலர். 1965இல் அவர் இலங்கைக்கு வருகை தந்தபோது எழுந்த ஆரவாரம் நெடுநாள் பேசப்பட்டது. அவர்கட்கு எதிரே நடிகர் திலகத்தின் அன்பர்கள் சளைத்தவரல்லர். ஒரே லயத்தில் இரு கட்சி. ஒரே வீட்டிலும் இரு கட்சி.

சுவைக்கு மொழிவேலியும் பெரிதாகத் தோன்றவில்லை. முதற் சிங்களப் பேசும்படம் 1947இல் தென்னிந்தியக் கலையகத்திலே உருவானது. சேலத்திற் பிறந்த மொஹிதீன் பேக் சிங்களப் பாடல்களின் புகழ்மிக்க பாடகரானார். ஒரே மெட்டு இரு மொழியிலும் பாடப்பட்ட காலம் அது. வெலிமடைக் கடைத்தெருவிலே தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே மெட்டைத் தத்தம் சொற்களால் முணுமுணுத்துச் செல்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் ஒரு குறை இருந்தது. திரையிலே தஞ்சை வயல் தெரிந்தது. மதுரை வீதி தெரிந்தது. தேயிலை மலையும் லயமும் தெரியவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது ‘புதிய காற்று’ என்னும் படம். தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் அவர்கள் தயாரித்து நடிக்க, எஸ். இராமநாதன் இயக்கத்தில் 1975இல் அது வெளிவந்தது. இந்தியப் படங்களின் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டு, நாட்டின் சொந்தப் படைப்புகளுக்கு வாய்ப்புப் பிறந்திருந்த காலம். கூடையும் கொழுந்துமாகத் தம்மைத் தாமே திரையில் முதன்முறையாகக் கண்டனர் மலைநாட்டார். அதற்கு எழுத்து வழங்கியவர், ஊவா மண்ணின் மைந்தர் தெளிவத்தை ஜோசப். அவரைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

கண்ணுக்கும் காதுக்கும் உரிய சுவைகளைச் சொன்ன பின்னர், நாவின் சுவையைச் சொல்லாதிருத்தல் முறையன்று. மலைநாட்டின் உணவு ரொட்டியும் சம்பலும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கைப்பருமனாகத் தட்டிக் கல்லிற் சுடுவது ரொட்டி. செத்தல் மிளகாயும் வெங்காயமும் தேங்காயும் அம்மியில் வைத்து இடிபடச் சிவப்பது சம்பல். இது வறுமையின் உணவு என்பது மெய். அரிசி போதாத வீட்டிலே மாவு வயிற்றை நிரப்பியது. விடியுமுன் மலையேற வேண்டியவர்க்குக் கையிற் சுருட்டிச் செல்லவும் ஏற்றதாயிற்று. ஆனால் வறுமை தந்த பொருளைச் சுவையாக்கியது வறுமையன்று, அம்மக்களின் கைத்திறன். மாவைப் பிசைந்து எத்துணை நேரம் ஊறவிடுவது, அடுப்பில் எந்த விறகின் தணல் நல்லது, சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியை எப்போது விடுவது என்பவற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொள்கை உண்டு. கொழும்புக்குச் சென்று நல்ல நிலையில் வாழும் மலையகத்தார், விருந்துண்ட மறுநாளே அந்த ரொட்டிக்கு ஏங்குவதைக் காணலாம்.

தேநீரின் கதையோ விந்தையானது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி ஊவாவின் பக்கம் வறண்ட காற்றாய் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இவ்வறள்காற்றிலே, நீர் குறைந்து வாடும் தளிருக்குள் மணப்பொருள்கள் செறிகின்றன. அக்காலத்து ஊவாத் தேயிலைக்குக் குளிர்ச்சியும் காரமும் கலந்த ஒரு தனி வாசனை உண்டு. டார்ஜிலிங் தேயிலையோடும் சீனத்துக் கீமுன் தேயிலையோடும் ஒருசேர வைத்து எண்ணப்படும் பெருமை அதனால் வந்தது. 1890இல் அப்புத்தளையை அடுத்த டம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், இம்மலைகளின் தேயிலையை உலகச் சந்தையெங்கும் கொண்டு சென்றார்.

அத்தேயிலையைக் கிள்ளிய கைகள் பருகியது எது? உயர்ந்த இலை பெட்டியிலேறிக் கப்பலுக்குப் போயிற்று. லயத்துக்கு வந்தது பெரும்பாலும் தூளே. பாலின்றி, சீனியை உள்ளங்கையில் வைத்து நாவால் தொட்டுக்கொண்டு குடிக்கும் வெறுந்தேத்தண்ணீர் அது. ஆயினும் கொழுந்தின் தரத்தைக் கைபட்டவுடன் அறிபவர் அவர். வாட்டும் அறையின் மணத்தைக் கொண்டே அன்றைய இலையின் குணத்தைச் சொல்பவர் அவர். உலகின் தேர்ந்த சுவைஞர்கள் வெள்ளிக் கரண்டியால் பருகிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு, இவர்தம் விரல்நுனியிலேயே தொடங்கிவிடுகிறது. சுவை அறிந்தவர்க்குச் சுவைக்கும் உரிமை கிட்டாமற் போனதே இக்கதையின் கசப்பு.

இவ்வாறு வளர்ந்த சொத்துக்கும் ஒரு பேரிடி விழுந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் பின்னுமோர் ஒப்பந்தத்தால் இரு நாட்டுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. தலைமன்னாரிற் கப்பலேறியவர்கள் நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் சென்று சேர்ந்தனர். அவர்கள் எடுத்துச் சென்ற மூட்டைகளைச் சுங்கத்தார் எண்ணினர். எண்ண முடியாத இழப்பு வேறொன்று உண்டு. கூத்து என்பது ஒருவர் மட்டும் ஆடுவதன்று. ரதியின் பாட்டை அறிந்தவர் ஒரு கரையிலும், அதற்கு மன்மதனாய் விடையிறுப்பவர் மறுகரையிலும் ஆகிவிட்டால், பாடல் பாதியாகி விடுகிறது. அடுத்த தலைமுறைக்குக் கற்றுக் கொடுக்க வேண்டிய வாத்தியாரே போய்விட்டால், அத்தோட்டத்தின் காமன் கம்பத்தை ஊன்றுவது யார்?

எனினும் போகாது எஞ்சியவற்றை எழுத்திற் பிடித்து வைக்க ஒருவர் முனைந்தார். அவரே தெளிவத்தை ஜோசப். 1934இல் பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர் அவர். பதுளையை அடுத்துத் தாம் வாழ்ந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னே சூட்டிக் கொண்டார். நகரத்துக்குப் போனதும் தோட்டத்தின் பெயரை மறைக்க விரும்புவோர் பலராயிருந்த காலத்தில், அதனை விருதாக அணிந்தவர் அவர். ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவலிலும், ‘நாமிருக்கும் நாடே’ என்ற சிறுகதைத் தொகுதியிலும் லயத்து வாழ்வைக் கண்டவாறே தந்தார். தாம் எழுதியதோடு அமையாது, பிறர் எழுதிய கதைகளையும் பழைய ஏடுகளிற் தேடித் துருவினார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மலையகச் சிறுகதை வரலாறு’ அத்தேடலின் விளைவு. அதற்கென அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி எதுவும் இருந்ததில்லை. இருந்தது ஆர்வம் ஒன்றே. 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல் அவர் மறைந்தார். அவர் தேடி வைத்தவை மறையவில்லை.

ஒரு தனிமனிதரின் ஆர்வம் ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவாக மாறும் முறை இதுதான். வேலுப்பிள்ளை பாடல்களின் மீது கொண்ட பித்து, ஜோசப் கதைகளின் மீது கொண்ட பித்து, கணேசன் படத்தின் மீது கொண்ட பித்து, பெயர் தெரியாத ஒரு ரதி தன் வேடத்தின் மீது கொண்ட பித்து ஆகிய அனைத்தும் சேர்ந்தே, ‘கூலிகள்’ என்று பிறர் எழுதிய பெயரை அழித்து, ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரை எழுதின. குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தாம் யார் என்பதை அவர்கள் அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்னரே தம் பாட்டாலும் கூத்தாலும் நிலைநாட்டியிருந்தனர்.

இன்று ஊவாத் தோட்டங்களின் இளைஞர் பலர் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வேலை செய்கின்றனர். கைப்பேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கின்றனர். அதிற் குறை காண வேண்டியதில்லை. அன்று வானொலிக்குப் பாட்டனார் காது கொடுத்தவாறே இன்று பேரன் காது கொடுக்கிறான். ஆனால் அதே கைப்பேசியிலே ஒலியைப் பதியவும் முடியும். விடுமுறைக்கு ஊர் திரும்புவோர், பாட்டியின் தாலாட்டு ஒன்றையோ, கூத்து வாத்தியாரின் ரதி புலம்பலையோ, ஆத்தாள் சம்பல் இடிக்கும் பக்குவத்தையோ பதிந்து வைப்பின், அது பெருந்தொண்டாகும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் பாடியது என்ற குறிப்பையும் உடன் சேர்த்தல் வேண்டும். மாசிப் பிறை ஆண்டுதோறும் தவறாமல் வரும். பாட்டறிந்த முதியவர்கள் அவ்வாறு ஆண்டுதோறும் காத்திருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை.